தவசி நலமாக இருக்கிறார்

தவசி செத்தபோது அவன் பாக்கி வைத்திருந்தது இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு ரியால். வட்டிக்கடைக்காரனுக்கு அல்ல, சீட்டுப் பிடிக்கிறவனுக்கும் அல்ல. சட்டைப் பையில் கிடந்த கைப்பேசிக்கு. நம் காசுக்கு மாற்றினால் அறுபதாயிரத்தைத் தொடும். கையில் எடுத்தால் ஒரு சோப்புக்கட்டி கனம்தான். அதற்குள் ஒரு கறவை மாட்டின் விலை எப்படி அடங்கியது என்று பூமிநாதன் அதைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

தவசியின் உடல் பெட்டியில் முன்னாலேயே ஊர் வந்து எரிந்துவிட்டது. வெளிநாட்டில் ஒரே அறையில் கூட இருந்த பூமிநாதனுக்கு லீவு கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. கைப்பேசி, இரண்டு கைலி, ஒரு கம்பளி, மகள் கனிகாவுக்கு என்று வாங்கி வைத்திருந்த சக்கரம் வைத்த செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பரமக்குடிக்கு மேற்கே இருந்த அந்த வீட்டு வாசலில் போய் நின்றான்.

தவசியின் பெண்டாட்டி சிட்டம்மாள் பையை வாங்கி வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொன்னாள். அவன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"ரெண்டு நாளு. நான் போன் போட்டப்பல்லாம் நல்லா இருக்காருன்னு சொன்னீங்க. அந்நேரம் அவுக பிணக்கெடங்குல கெடந்துருக்காக. ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"அது நான் இல்ல தாயி."

"ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா?"

பூமிநாதனுக்கு எந்த நுனியைப் பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்பி கட்டிப் பழகிய கை. சொல்லைக் கட்டிப் பழகியதில்லை.

அந்த நாட்டில் கைப்பேசியைத் தவணைக்குக் கொடுப்பார்கள். கொடுக்கிறபோதே ஒரு பூட்டும் போட்டுத்தான் கொடுப்பார்கள். தவணை தீரும் வரை அது அவர்கள் கம்பெனி சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காது, வேறு நாட்டு டவரைப் பிடிக்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லோரையும் இழுத்தது அதில் இருந்த பதில்குரல். இருபதாவது மாடியில் கம்பி கட்டுகிறவன் போனை எடுக்க முடியாது. எடுத்தால் ஃபோர்மேன் கூலியில் கை வைப்பான். அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால், வைத்திருப்பவனின் குரலிலேயே போன் பதில் சொல்லும். வேலையில் இருக்கிறார், நலமாக இருக்கிறார், சாயங்காலம் பேசுவார் என்று சொல்லும். பெண்டாட்டி மனசு ஆறும்.

அதற்கு ஒரே ஒரு வேலை. திரையில் வரிவரியாக எழுத்து வரும். அதை உரக்க வாசிக்க வேண்டும்.

தவசிக்கு எழுத்துத் தெரியாது. பூமிநாதனுக்குமே அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. முப்பத்தொன்பது வயதில், கேம்ப்பில் சமையல் பார்த்த ஆரோக்கியம் அரிசிச் சாக்கையும் எண்ணெய் டின்னையும் வைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து. புதுச்சட்டை போட்ட பிள்ளை தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரியுமே, அப்படி இருந்தான் அவன். அறையில் எழுத்து எது வந்தாலும் அவனிடம்தான் வரும். பேங்க் செய்தி, மருந்துச் சீட்டு, விசாக் காகிதம். இதுவும் அந்தக் கணக்கில்தான் வந்தது. படிக்கத் தெரிந்தவன் படித்தால் போதாதா என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டான் தவசி. போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது கேட்டது படிப்பை அல்ல, குரலை என்று அந்த அறையில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. தவசியின் போனுக்கு மட்டுமல்ல, அறையில் இருந்த அத்தனை போனுக்கும் பூமிநாதன்தான் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து வாசித்தான். 'மழை பெய்தால் குளம் நிறையும்.' 'எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.' நீளமான சொல் வந்தால், வாய்க்காலைக் கண்ட மாடுபோல ஒரு கணம் நின்று, அளந்து பார்த்து, பிறகுதான் தாண்டினான்.

மறுநாள் தவசியின் போன் பூமிநாதன் குரலில் பேசியது. அறையே உருண்டு சிரித்தது. இனிமேல் உன் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிறவன் பூமிதான் என்று கேலி பேசினார்கள். தவசியும் சிரித்தான். தவணைக்கு வாங்கியதையும், தனக்குப் படிக்கத் தெரியாமல் போனதையும் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, அறையில் ஒரு அண்ணன் இருக்கிறார், நான் இல்லாத நேரம் அவர்தான் எடுப்பார் என்று சிட்டம்மாளிடம் சொல்லி வைத்தான். அவளும் ஏதோ கூடப்பிறந்தவனிடம் பேசுவதுபோல அந்தக் குரலிடம் அண்ணே அண்ணே என்று பேசி வந்தாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் தலை சாய்த்த தவசி எழுந்திருக்கவில்லை. பூமிநாதன் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அலைந்தான். வீட்டுக்கு ஆபீஸ் சொல்லியிருக்கும் என்று அறை நினைத்தது. அறை சொல்லியிருக்கும் என்று ஆபீஸ் நினைத்தது. பதில்குரல் கைப்பேசிக்குள் இருப்பதல்ல, கம்பெனியிடம் இருப்பது. அது மட்டும் தன் வேலையைப் பிசகாமல் பார்த்தது.

கணக்கை முடித்துவிடலாம் என்று இறப்புச் சான்றிதழோடு கம்பெனிக் கவுண்டருக்கும் போனான். அங்கே இருந்த இயந்திரம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, சரிபார்ப்பதற்காகத் தவசியின் எண்ணை அழைத்தது. கூடம் முழுக்கக் கேட்டது: "தவசி நலமாக இருக்கிறார். வேலையில் இருக்கிறார்." கவுண்டர்ப் பெண் வருத்தம் தெரிவித்தாள். வைத்திருப்பவரின் நிலையை வைத்திருப்பவரின் குரல்தான் மாற்ற முடியும், அதுதான் விதி என்றாள். செத்தவன் வாயால் சொன்னால்தான் செத்ததாகக் கணக்கு. அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அன்றைக்குப் பூமிநாதனுக்குப் புத்தியில் எதுவும் ஏறவில்லை. திரும்பி வந்துவிட்டான்.

இவ்வளவையும் அவன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். சிட்டம்மாள் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"பொம்பளதானேன்னு கத சொல்றீகளா? இதத் தொறந்து, அது பேசுறத என் காதுல கேக்க வைங்க. அப்புறம் நம்புறேன்."

மறுநாள் பஸ்ஸில் ஏறினான். ஊர்ப் பஸ்களில் இப்போது குரலைக் கேட்டுச் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம் வைத்துவிட்டார்கள். பரமக்குடி ஒன்று என்றான். சீட்டு வந்தது. முன்சீட்டில் இருந்த பெண் சடாரென்று திரும்பி, காலடியில் பாம்பைக் கண்டவள்போல அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வழுக்கி விழாமல் நல்லபடியாக உட்கார் தாயி என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் விட்டான். ஊர் வந்ததிலிருந்தே இப்படித்தான். டீக்கடையில் டீ கேட்டால் ஒருவன் உற்றுப் பார்க்கிறான். தெரியாத கிழவி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜாகிர் பாயின் செல்போன் கடை. அவர் கைப்பேசியை வாங்கி, உள்ளூர் சிம்மைப் போட்டுப் பார்த்தார். இந்த சிம் செல்லாது என்று திரையில் வந்தது. வேறொன்றைப் போட்டார். டவர்க் கோடுகள் எழுந்து, மூச்சு முட்டியதுபோல மறுபடி விழுந்தன. கம்ப்யூட்டரில் மாட்டி ஏதேதோ தட்டினார். பூட்டோடு கடனும் சேர்ந்திருக்கிறது, உலகத்தில் எந்த டவருக்குக் கொண்டுபோனாலும் இதை உள்ளே விடாதபடி கம்பெனிக்காரன் இந்தப் போனின் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறான் என்றார்.

வேறு வழி இல்லையா பாய் என்று பூமிநாதன் கேட்டதும் அவர் கை நின்றது. இன்னொரு தடவை பேசச் சொன்னார். என்ன பேச என்றான் இவன். அவர் தன் போனை எடுத்து, அக்கா வீட்டிலிருந்து அனுப்பிய ஒரு பதிவைப் போட்டார்.

"உங்கள் மகன் கட்ட வேண்டிய பாக்கி ஆயிரத்து... எண்ணூறு ரியால். நாளைக்குள் கட்டாவிட்டால் உங்கள் வீட்டின்... முகவரிக்கு ஆள் வரும்."

பூமிநாதன் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டான். அவனேதான். நீளமான சொல்லுக்கு முன்னால் நின்று மூச்செடுக்கிற அந்த நிறுத்தம்கூட அவனுடையது.

ஜாகிர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"தவணை கட்டலன்னா போனப் பூட்டுவான், கொரல எடுத்து வேலைக்கு விட்ருவான். நீங்க கைநாட்டு வச்ச காயிதத்துல அதுவும் இருக்கு. நைசாப் பேசுற கொரலயெல்லாம் சனங்க மிஷினுன்னு கண்டுபிடிச்சுக் கட் பண்ணிர்றாங்கண்ணே. ஒங்க கொரலு திக்குது. திக்குறத யாரும் மிஷினுன்னு நெனக்கிறதில்ல. அதான் தமிழ்நாடு பூராவுக்கும் ஒங்களையே விட்ருக்கான்."

"வேலை செஞ்சா கடன் கழியுமில்ல?"

"கழிப்பான். கழிக்கிறது வட்டிக்குச் சரியாப் போயிரும்."

"அப்ப எப்பத்தான் முடியும்?"

"முடியிறதுக்கா விட்ருக்கான்?"

பூமிநாதனுக்கு அப்பனின் ஞாபகம் வந்தது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய மனுஷன். மழைக்காலமெல்லாம் அறுத்த கல் கரைந்து, கரைந்த கல் கணக்கில் ஏறி, சாகும் வரை அதே தொகையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்தாவது எடுத்துக்கொண்டது கையையும் காலையும்தான்.

தவசியின் கதையையும் கேட்டுக்கொண்டு, வழி ஒன்று இருக்கிறது என்றார் பாய். பூட்டிய போன் வெளிநாட்டு டவரில் ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கும். வைத்திருப்பவர் தன் குரலால் கம்பெனியிடம் பேசுவதற்கு. அந்தப் போனைப் பொறுத்தவரை இவன்தான் தவசி. இவன் நிலையைச் சொன்னால் கணக்கு மூடும், பூட்டும் தானாகத் திறக்கும். மற்றவன் யாருக்கும் இந்த வழி வாய்க்காது. செத்தவனின் குரல் உயிரோடு நடந்து வந்து கடை வாசலில் நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஆனா யோசிச்சுக்கங்கண்ணே. கொரல் பாக்குற மிஷின் எல்லாம் ஒரே பதிவுலதான் பாக்குது. அதுல செத்ததுன்னு எழுதிட்டா, அப்புறம் அது செத்தவன் கொரலு. அவனால அத வேலைக்கு விட முடியாது, ஒங்களையும் எந்த மிஷினும் கேக்காது."

லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கேம்ப்பின் கதவு குரலுக்குத்தான் திறக்கும். சம்பளம் பேங்கிலிருந்து குரலுக்குத்தான் இறங்கும். விமான நிலையத்தில் பேர் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். பூமிநாதன் கைப்பேசியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். திறக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தான். ஒரு பொம்பளை தன்னைப் பொய்யன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். வயிறு என்று ஒன்று இருக்கிறது.

சிட்டம்மாள் வீட்டுக்குத் திரும்பி அதையே சொன்னான். வெயிலில் வந்தவன் என்று அவள் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. அவள் எடுத்து, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"தவசியின் பாக்கி இரண்டாயிரத்து... நூற்றுப் பதினாறு ரியால். இந்த மாதம் முடிந்தால் அது மகள் கனிகாவின் பெயருக்கு... மாற்றப்படும். மாற்றாமல் இருக்க, நான் கட்டுகிறேன் என்று சொல்லவும்."

பூமிநாதனின் வாய் நிறையத் தண்ணீர். தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிட்டம்மாள் அவன் தொண்டையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி தொண்டையைப் பார்த்தாள்.

போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லக் கேட்டாள், அவுக எப்படி இருக்காக என்று.

"தவசி நலமாக இருக்கிறார். வேலையில் இருக்கிறார். நான் கட்டுகிறேன் என்று சொல்லவும்."

அவள் உதடு பிரிந்தது. பிள்ளையின் பேரைக் கேட்ட பயம். சொல்லிவிட்டால் அவள் குரலும் போய்விடும் என்பது பூமிநாதனுக்குப் புரிந்தது. சொம்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்தான். தரையெல்லாம் தண்ணீர் ஓடியது.

சிட்டம்மாள் முந்தானையால் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். அப்புறம், அவனை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"ஒங்கள வாயில வந்தபடி நெனச்சுட்டேண்ணே. ஆனா ஒண்ணு சொல்லட்டா? ஊரே அவுக செத்துட்டாகன்னு சொல்லுது. இந்த ஒரு கொரலுதான் நல்லா இருக்காகன்னு சொல்லுது. ரெண்டு மாசமா நான் அடிக்கடி அந்த நம்பருக்குப் போட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்கள வைய்யணும்னு போடுவேன். அதக் கேட்டதும் வைய்ய மறந்துரும்."

தான் கொடுத்த குரல் ஊர் ஊராகப் போய்க் கிழவிகளை மிரட்டுகிறது என்பதைவிட, இங்கே ஒருத்தியை அழவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் பூமிநாதனால் தாங்க முடியாததாக இருந்தது. மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தான். திறக்க வழி இருக்கிறது என்றான். தான் மறைத்ததையும், என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும், அப்புறம் அந்தக் குரல் எங்கேயும் பேசாது என்பதையும் சொன்னான். தனக்கு ஆகப்போகிறதை மட்டும் சொல்லவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, சொல்லிருங்கண்ணே என்றாள்.

பாய் காட்டித் தந்தபடி பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை மங்கலாக விழித்தது. உள்ளேயிருந்து அவன் குரலே அவனைக் கேட்டது.

"உரிமையாளர் பேசுக."

"நான்தான்."

"குரல் பொருந்துகிறது. உரிமையாளரின்... நிலை என்ன?"

பூமிநாதன் வாய்க்கால் கரையில் நின்ற மாடுபோல நின்றான்.

"தவசி... இறந்துவிட்டார்."

"உறுதி செய்ய மீண்டும் சொல்லவும்."

இந்தத் தடவை அவன் கைப்பேசியைப் பார்க்கவில்லை. சிட்டம்மாளைப் பார்த்தான். வாசிக்கிற தமிழும் வரவில்லை.

"தவசி செத்துட்டான் தாயி. மத்தியானம் கஞ்சியக் குடிச்சிட்டு, பூமி, அந்தப் பலகைய இங்கிட்டுத் தள்ளிப் போடுன்னான். நெழல்ல சாஞ்சான். செருப்பு வாங்கிட்டேன், அளவுதான் தெரியலன்னான். எந்திரிக்கிற மணி அடிச்சுச்சு. அவன் எந்திரிக்கல. நான்தான் தொட்டு எழுப்புனேன். செத்துட்டான்."

நல்லா இருக்கிறார் என்று அன்றைக்குச் சொன்ன அதே குரல். அதே அண்ணன். இரண்டு மாதம் கழித்து வந்த அந்தச் செய்தியைச் சிட்டம்மாள் அப்போதுதான் கேட்டாள். முதலில் ஒரு விக்கல்போல வந்தது. பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவரும்படி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கைப்பேசியில் நிலை பதியப்படுகிறது என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டதும் பூமிநாதன் அதை அவள் அருகே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பஸ்ஸில் ஏறி, பரமக்குடி ஒன்று என்றான். இயந்திரம் சும்மா இருந்தது. இன்னும் உரக்கச் சொன்னான். சும்மாவே இருந்தது. மிஷினுக்கு என்ன வந்தது என்று கண்டக்டர் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தானே பரமக்குடி என்றார். உடனே சீட்டு வந்தது.

"எல்லாருக்கும் கேக்குது, ஒங்களுக்கு மட்டும் கேக்கலையே. என்னண்ணே, பேயா நீங்க?" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. பூமிநாதனும் சிரித்து வைத்தான். தன் போனை எடுத்துப் பேர் சொல்லித் திறந்து பார்த்தான். திறக்கவில்லை. இந்தக் குரல் மூடப்பட்ட கணக்கைச் சேர்ந்தது என்று எழுத்து வந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, முழுதாகப் படித்துவிட்டுத்தான் பையில் வைத்தான்.

பாலம் தாண்டும்போது அதே போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். தவசி அழைக்கிறார் என்று இருந்தது. பெயருக்கு மேலே, பனியன் போட்டுக்கொண்டு சிரிக்கிற தவசியின் படம். அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்த பிறகுதான் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தான். பேசவில்லை.

"அண்ணே, சிட்டு பேசுறேன். பூட்டுத் தொறந்துருச்சு. என் சிம்மப் போட்டேன், டவர் எடுக்குது. இதுல அவுக வச்சிருந்த நெட் கால் கணக்குலருந்துதான் கூப்பிடுறேன்." அழுது அழுது குரல் கரகரத்திருந்தது. "செய்தி ஒண்ணு வந்துருக்கு. கனிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து படிச்சா. ரெண்டாயிரத்து நூத்திப் பதினாறும் தள்ளுபடியாம். பாக்கி ஒண்ணுமில்லையாம்."

இதற்காவது தன் குரல் கேட்குமா என்று பூமிநாதன் தயங்கினான்.

"அண்ணே, லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி," என்றான், ரொம்பவும் மெதுவாக.

"பேசுங்கண்ணே. எனக்குக் கேக்குது."